நாலாம் பெட் ஒத்துழைக்கவில்லை

இந்தப் பயிற்சி வகுப்பில் உங்கள் கையில் கொடுத்திருக்கிற சொற்பட்டியலை நானும் வாங்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. என்.பி.ஓ. என்றால் வாய்வழியாக எதுவும் தரக் கூடாது, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும், ஸ்டாட் என்றால் உடனே. மனப்பாடம் செய்துவிடுங்கள். பரீட்சையிலும் கேட்பார்கள், வார்டிலும் கேட்பார்கள். நான் பேச வந்தது அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு சொல்லைப் பற்றி. யாரும் சொல்லித் தராமலேயே, வார்டில் கால் வைத்த முதல் வாரத்தில் அது உங்கள் நாக்கில் ஒட்டிக்கொள்ளும்.

"பேஷன்ட் கோஆப்பரேட் பண்ணலை."

ஓய்வு பெற்றுவிட்டேன். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். கோபப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருந்தும் இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கொதிக்கிறது. நோயாளி என்ன நம்முடைய கம்பெனிக்கு வேலைக்கா வந்திருக்கிறார், நமக்கு ஒத்துழைக்க?

என்னைப் பற்றி ஒரு வரி. தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் ஹெல்த் கேர் அசிஸ்டென்டாக இருந்தேன். பேட்ஜில் அப்படித்தான் போட்டிருக்கும். நோயாளிகள் ஆயா என்பார்கள். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் சிஸ்டர் என்பார்கள். உங்களில் சிலருக்கு ஆயா என்று கூப்பிட்டால் முகம் சுருங்குகிறது, பார்த்தேன். சுருங்கட்டும், தப்பில்லை. ஆனால் உங்களை ஒரு பெயரில் அடைப்பது உங்களுக்கு வலிக்கிறதென்றால், நீங்கள் படுக்கையில் இருக்கிறவரை என்ன பெயரில் அடைக்கிறீர்கள் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

கமலவேணி அம்மாவின் கதையைச் சொல்கிறேன். ரயில்வேயில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார். கீழ்க்கட்டளையில் சொந்த வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகன் பிரபாகர், பெங்களூரில் வேலை. ஒரு நாள் காலையில் தலை சுற்றிச் சமையலறையில் விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் கூட்டிவந்து எங்கள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். தலையில் எதுவும் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. இது உங்களுக்குத் தெரியும். வளையல், மூக்குத்தி, தோடு எல்லாவற்றையும் கழற்றிப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் கொடுத்தனுப்பினார்கள். அவருக்கு இரண்டு காதிலும் காது கேட்கும் கருவி இருந்தது. அதையும் கழற்றினார்கள். கழற்றியவள் பவானி, என்னோடு வேலை பார்த்த பெண், சின்னவள், சுறுசுறுப்பானவள். கருவி தொலைந்துவிடக் கூடாதே என்று யூரின் டெஸ்ட்டுக்குக் கொடுக்கிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து, புதுசுதான், அதற்குள் போட்டு மூடி, கட்டில் பக்கத்து லாக்கரில் வைத்தாள். அதுவரைக்கும் அவள் செய்ததில் குற்றம் சொல்ல முடியாது. ஸ்கேன் முடிந்து அம்மா வார்டுக்குத் திரும்பும்போது பவானியின் ஷிஃப்ட் முடிந்துவிட்டது. அடுத்தவளிடம் அவள் சொன்னது, "நாலாம் பெட், எம்.ஆர்.ஐ. முடிஞ்சுது, ரிப்போர்ட் வரணும்." அவ்வளவுதான்.

மத்தியானத்துக்கு மேல் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. மறுநாள் ஆளாளுக்குச் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

டியூட்டி நர்ஸ் வந்து, விழுந்த நோயாளி ஆயிற்றே, நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கேள்வி கேட்டிருக்கிறார். "இன்னைக்கு என்ன கிழமை?" கமலவேணி அம்மா சொன்ன பதில், "சாப்பிட்டேன்." "இது என்ன இடம்?" "இன்னும் கொஞ்சம் வலி இருக்கு." நர்ஸ் முகத்தில் மாஸ்க். உதடு அசைவதைப் பார்த்தாவது அம்மா ஊகித்திருப்பார், அதற்கும் வழியில்லை. காது கேட்காதவர்கள் இப்படித்தான் செய்வார்கள். வழக்கமாக எதைக் கேட்பார்களோ அதற்குப் பதிலைச் சொல்லிவிடுவார்கள். நர்ஸ் கேஸ் ஷீட்டில் எழுதினார்: டிஸ்ஓரியன்டட். சம்பந்தமில்லாமல் பேசுகிறார்.

அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. கேட்டிருக்கிறார். "என் மிஷின் எங்க? மிஷினைக் குடுங்க."

வீட்டில் அவர் அதை மிஷின் என்றுதான் சொல்வார். உங்கள் வீட்டில் யாராவது வைத்திருந்தால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். ஆனால் வார்டில் இருந்தவர்களுக்கு மிஷின் என்றால் எம்.ஆர்.ஐ. மிஷின். பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் வந்த அசிஸ்டென்ட் கையை ஆட்டி ஆட்டிச் சத்தமாகச் சொல்லியிருக்கிறாள். "மிஷின்லாம் முடிஞ்சுபோச்சு பாட்டி! இனிமே மிஷின் கிடையாது!"

சிரிக்கிறீர்கள். சிரிப்பு வரும்தான். அந்த அம்மாவின் இடத்தில் படுத்துப் பாருங்கள். முகம் மூடிய ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள். வாய் அசைகிறதா என்றுகூடத் தெரியவில்லை. கேட்டதை யாரும் கொடுக்கவில்லை. எல்லோரும் கையை ஆட்டி இல்லை இல்லை என்கிறார்கள்.

லாக்கரில் இருக்குமோ என்று அவரே இறங்கிப் பார்க்கப் போனார். விழுந்து வந்த நோயாளி, இறங்கக் கூடாது. பிடித்தார்கள். அவர் உதறினார். கையில் போட்டிருந்த ஐ.வி. ஊசி பிடுங்கிக்கொண்டு ரத்தம் வந்தது. போர்வையெல்லாம் ரத்தம். அவ்வளவுதான், எல்லோருக்கும் பதற்றம். டியூட்டி டாக்டர் வந்து தூக்கத்துக்கு ஊசி எழுதினார். கட்டுத்துணியை எடுத்து இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். கேஸ் ஷீட்டில் இன்னும் இரண்டு வரி ஏறியது. அஜிடேட்டட், அதாவது கொந்தளிப்பில் இருக்கிறார். அன்கோஆப்பரேட்டிவ்.

பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தார். நர்ஸிங் ஸ்டேஷனில் யாரோ எடுத்தார்கள். யார் என்று கடைசிவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. டிஸ்ஓரியன்டட் என்ற சொல்லைத் தமிழில் சொல்ல வேண்டும் அல்லவா? சொல்லியிருக்கிறார்கள்: "சார், அம்மாவுக்கு மூளை கொழம்பிடுச்சு சார். யாரையும் தெரியலை. கையைக் கட்டிப் போட்டிருக்கோம்."

பெற்ற தாயைப் பற்றி ஒரு மகனுக்குப் போனில் சொல்கிற செய்தியா இது? 'கேட்ட கேள்விக்குப் பொருத்தமா பதில் சொல்லலை சார், ஏன்னு பாத்துக்கிட்டிருக்கோம், டாக்டர் உங்ககிட்ட பேசுவார்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஆங்கிலச் சொல்லுக்கு வாயில் வந்த தமிழை மாட்டிவிடாதீர்கள். இன்னொரு தடவை, மறைமலை நகர் பக்கத்துத் தொழிற்சாலை ஆள் ஒருவரிடம் மனைவியின் பயாப்ஸி 'பாசிட்டிவ்' என்று நடைபாதையில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, ரொம்ப தேங்க்ஸ் சார் என்றார். புற்றுநோய் உறுதி என்று அதற்கு அர்த்தம், அவர் நல்ல செய்தி என்று நினைத்துவிட்டார். திரும்பி அவருக்கு யார் விளக்கியிருக்க வேண்டும்? சொன்னவர் விளக்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் முகம் எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது.

சரி, கமலவேணி அம்மாவிடம் வருகிறேன்.

மறுநாள் காலை நான் டியூட்டிக்குப் போனேன். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து என் கையில் பொறுப்பைக் கொடுத்தவள் சொன்னாள், "நாலாம் பெட் கோஆப்பரேட் பண்ணலக்கா. டிமென்ஷியா மாதிரி இருக்கு. மிஷின் மிஷின்னு ஒளறிக்கிட்டே இருந்துச்சு. கிட்டப் போகாதீங்க, அடிக்கும்."

அந்த 'இருந்துச்சு', 'அடிக்கும்' இரண்டையும் கவனித்தீர்களா? முந்தின நாள் காலை அவர் அம்மா. மத்தியானம் நாலாம் பெட். மறுநாள் காலையில் அது.

நான் போய்ப் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். மணிக்கட்டு இரண்டும் சிவந்து வரி வரியாகப் பதிந்திருந்தது. போர்வை நனைந்திருந்தது. பாத்ரூம் போகவேண்டும் என்று கேட்டிருப்பார். அதையும் உளறல் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பக்கத்துப் படுக்கையில் தேவகி என்று ஒரு அம்மா. கோவிலம்பாக்கம் பக்கம் மீன் வியாபாரம். சர்க்கரைப் புண் காலில், கட்டுப் போட்டிருந்தது. அவர்தான் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, நீயாவது காது குடுத்துக் கேளு. அந்தம்மா காதுல மிஷின் போட்டுகினு இருந்துச்சு. ஸ்கேனுக்குப் போறச்சே ஒரு பொண்ணு கயட்டி டப்பாவுல போட்டு அந்த லாக்கர்ல வெச்சுது. அத்தக் குடுக்காம இன்னா டிராமா பண்ணிகினு கீறீங்க எல்லாரும்?"

"நேத்தே சொல்லக் கூடாதாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்கு வந்தது பாருங்கள் கோபம். "சொல்லாமயா? தொண்ட கிழியக் கத்தினேன். உன் வேலையப் பாரு பாட்டி, பி.பி. ஏறிடும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்கோ. மீன் விக்கிறவ சொன்னா ஏறாதுல்ல உங்களுக்கு?"



லாக்கரைத் திறந்தேன். கீழ்த் தட்டில், பெட்பானுக்குப் பின்னால், அந்த டப்பா இருந்தது.

இங்கேதான் நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கட்டை அவிழ்க்க டாக்டர் எழுத வேண்டும். டாக்டர் ரவுண்ட்ஸ் வர நேரமிருந்தது. நர்ஸைக் கேட்டேன். "ஆர்டர் இல்லாம அவுக்காதீங்க ஜெசிந்தாக்கா, மறுபடி விழுந்தா யார் பதில் சொல்றது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. விழுந்து வந்த நோயாளி. ராத்திரி தூக்க ஊசி போட்டிருக்கிறார்கள். எழுந்து நின்றால் கால் தள்ளாடும். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அவிழ்த்தவள் தலையில்தான் விடியும். என் வேலையும் போகும்.

ஆனால் கருவியை நான் அவர் காதில் திணிக்க முடியாது. கை கட்டியிருக்கும் ஒருவரின் காதில் எதையாவது சொருகினால் அவர் என்ன நினைப்பார்? அவர் கையால்தான் அவர் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் மாஸ்க்கை இறக்கி என் முகத்தைக் காட்டினேன். டப்பாவை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். அவர் அதையே பார்த்தார். கட்டிலின் மறுபக்கத் தடுப்புக் கம்பியை ஏற்றிவிட்டு, இந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு நெருங்கி உட்கார்ந்தேன், இறங்க வந்தால் என் மடியில்தான் இறங்கவேண்டும் என்கிற மாதிரி. அப்புறம் ஒரு கையை மட்டும் அவிழ்த்தேன். அவர் அடிக்கவில்லை. உள்ளங்கையை நீட்டினார். கருவியை வைத்தேன். ஒரு காதில் மாட்டினார். கீ என்று ஒரு சத்தம் வந்து அடங்கியது. இன்னொரு கையையும் அவிழ்த்தேன். இன்னொரு காதிலும் மாட்டிக்கொண்டார்.

"அம்மா, கேக்குதா?"

"கேக்குது. நீ யாரு?"

"என் பேர் ஜெசிந்தா. இங்க அசிஸ்டென்ட்."

"ஜெசிந்தா, முதல்ல எனக்கு வேற புடவை வேணும். அப்புறம் தண்ணி. அப்புறம் என் கையைக் கட்டினது யாருன்னு தெரியணும்."

அந்த வரிசையில்தான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. பிதற்றலா இது? ஒரு ராத்திரி முழுக்க ஈரத்தில் கட்டிப்போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு நிதானம் இருந்திருக்காது.

துணி மாற்றி முகம் துடைத்து உட்கார வைப்பதற்குள் மகன் வந்துவிட்டார். பெங்களூரிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு நேராக வந்திருக்கிறார். கண்ணெல்லாம் ரத்தச் சிவப்பு. படுக்கைக்கு வந்ததும் அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, குழந்தையிடம் பேசுகிற மாதிரி இழுத்து இழுத்துக் கேட்டார். "அம்மா... நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுது பிரபாகர். நீ யார்கிட்ட பேசறேன்னு உனக்குத் தெரியுதா?"

அவர் திகைத்து என்னைப் பார்த்தார். நான் காதுக் கருவி விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "அப்படின்னா கேஸ் ஷீட்ல ஏன் டிஸ்ஓரியன்டட்னு போட்டிருக்கு?"

எழுதின சொல்லுக்கு இருக்கிற பலத்தைப் பாருங்கள். தாய் எதிரில் உட்கார்ந்து பேசுகிறாள். மகன் தாளை நம்புகிறார்.

அதற்குள் டியூட்டி டாக்டரும் வந்தார். ராத்திரி ஊசி எழுதியவர். சின்ன வயசு. ஸ்கேன் ரிப்போர்ட்டும் வந்திருந்தது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் மகன், நடுவில் அம்மா. இரண்டு பேரும் ஆங்கிலத்தில் அம்மாவின் தலைக்கு மேலே பேசினார்கள். வயதானவர்களுக்கு இப்படி நடுநடுவே தெளிவு வரும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது என்றார் டாக்டர். ஸ்கேனில் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்றார். மகன் முகம் வெளுத்துவிட்டது. மறைமலை நகர் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் இடத்துக்குச் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். கீழ்க்கட்டளை வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

கமலவேணி அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும். இரண்டு காதிலும் கருவி இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் வீட்டை விட்டு நான் எங்கயும் வரமாட்டேன்" என்றார். இப்போது குரல் உயர்ந்தது.

டாக்டர் மகனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "ஸீ, ஷி இஸ் கெட்டிங் அஜிடேட்டட்."

அந்த நிமிடம் எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்வது! சும்மா இருந்தால் மந்தம். பேசினால் உளறல். கோபப்பட்டால் அஜிடேஷன். ஒரு சொல்லை ஒருவர் மேல் ஒட்டிவிட்டோமென்றால், அப்புறம் அவர் என்ன செய்தாலும் அது அந்தச் சொல்லுக்குச் சாட்சி ஆகிவிடுகிறது. உங்களையோ என்னையோ அந்தக் கட்டிலில் படுக்க வைத்தாலும் தப்பிக்க முடியாது.

"டாக்டர், அவங்க கோபப்படறாங்க. அவ்வளவுதான். யாரா இருந்தாலும் படுவாங்க" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆர்டர் இல்லாம கட்டை அவுத்தது நீங்கதானா?" என்றார். ஆமாம் என்றேன். நர்ஸிங் சூப்பரின்டெண்டன்ட் வரட்டும் என்றார்.

சூப்பரின்டெண்டன்டும் வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பு நடந்துடுச்சு, சரி. இதைப் பெரிசு பண்ணாதீங்க, ஃபேமிலி கேஸ் போட்டுடப் போறாங்க" என்றார். கட்டிப்போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெளியே தெரிவதுதான் அவருக்குக் கவலை.

நல்ல வேளை, அன்றைக்கு எங்கள் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சிடுமூஞ்சி என்று வார்டில் பெயர். நேரத்துக்கும் வரமாட்டார். எங்களைத் திட்டாத நாளில்லை. ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. படுக்கைக்கு வந்தால் முதலில் உட்காருவார். மகன் பேச ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். மாஸ்க்கை இறக்கினார். "அம்மா, நீங்க சொல்லுங்க."

"நேத்து கேட்ட கேள்வியை மறுபடி கேக்கச் சொல்லுங்க" என்றார் கமலவேணி அம்மா. "அதே நர்ஸ் கேக்கட்டும். என் பையன் முன்னாடி கேக்கட்டும்."

டியூட்டி நர்ஸ் வந்து நின்றார். 

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"இது என்ன இடம்?"

"தாம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரி. என் கையைக் கட்டிப்போட்ட இடம்."

 பெரிய டாக்டர் நர்ஸைப் பார்த்து, மேலே கேளுங்கள் என்பதுபோல் தலையசைத்தார்.

"நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க."

"தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது, எழுபத்திரண்டு, அறுபத்தஞ்சு. போதுமா, இன்னும் போகணுமா? டிக்கெட் கவுன்டர்ல உக்காந்தவ நான்."

"போதும்மா" என்றார் பெரிய டாக்டர். அப்புறம் மகனிடம் திரும்பினார். "ஸ்கேன்ல சுருக்கம்னு வந்திருக்கே, அது இந்த வயசுல எல்லாருக்கும் வரும். எனக்கு எடுத்தாலும் வரும். அதுக்காக என்னை எங்கயாவது சேத்துடுவாங்களா?"

பக்கத்துக் கட்டிலில் தேவகி அம்மா களுக்கென்று சிரித்தார்.

"அந்த வார்த்தையை அடிக்கச் சொல்லுங்க டாக்டர்" என்றார் கமலவேணி அம்மா.

"எழுதினதை அடிக்க முடியாதும்மா. சட்டம் அப்படி. கீழே புதுசா எழுதலாம்."

"அப்போ எழுதுங்க. எனக்குக் கேக்கலை. இவங்க என்னைக் கேக்கவே இல்லை. ரெண்டுல எது வியாதின்னு படிக்கறவங்க முடிவு பண்ணட்டும்."

பெரிய டாக்டர் எழுதினார். நோயாளிக்கு இரண்டு காதும் குறைவாகக் கேட்கும், கருவி கழற்றப்பட்ட நிலையில் பரிசோதிக்கப்பட்டார், அதனால் முந்தைய குறிப்பு செல்லாது, இப்போது முழுத் தெளிவுடன் இருக்கிறார். எழுதினதைத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். சரியா என்று கேட்டார். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒருவரைப் பற்றி நாம் எழுதுவதை அவருக்கே படித்துக் காட்டுவது. படித்துக் காட்ட வாய் கூசுகிற சொல்லாக இருந்தால் அதை எழுதக் கூடாது. இன்றைக்கு நீங்கள் என்னிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு போவதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மகன் வெளியே நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார். "அக்கா, நிஜமா சொல்லுங்க. அவங்க நல்லா இருக்காங்களா?"

"உள்ள போய் அவங்களையே கேளுங்க சார்."

"பயமா இருக்குக்கா. வழி நெடுக வண்டியை ஓரம் கட்டி ஓரம் கட்டி டிமென்ஷியாவைப் பத்தித்தான் படிச்சேன். அடுத்து என்ன ஆகும், அப்புறம் என்ன ஆகும்னு. அம்மா என்னை மறந்துடுவாங்கன்னு ஒரு வீடியோல சொன்னாங்க." சொல்லும்போதே உடைந்துவிட்டார். அதுவரை அவர் மேல் எனக்கு இருந்த கோபம் குறைந்தது. அவர் கெட்டவர் இல்லை. போனில் யாரோ போகிற போக்கில் எறிந்த ஒரு வரி அவரை அப்படி ஆக்கியிருந்தது.

இனி, என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். நிர்வாகம் விசாரித்தது. மெமோ யாருக்கு வந்தது? ஊசி எழுதியவருக்கா? தேவகி அம்மா சொன்னதைக் காதில் வாங்காதவர்களுக்கா? போனில் மூளை குழம்பிவிட்டது என்றவருக்கா? பவானிக்கு. கருவியைப் பத்திரமாக எடுத்து வைத்தவளுக்கு. அடுத்தவளிடம் சொல்லாதது அவள் தப்புதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு தப்புக்குப் பிறகு எத்தனை பேர் அந்தக் கட்டிலைக் கடந்து போனார்கள்! ஒருவர் குனிந்து பார்த்திருந்தால் போதும். எல்லோருடைய தப்பையும் சேர்த்துக் கட்டி, இருப்பதிலேயே கீழே இருக்கிற ஒருத்தியின் தலையில் வைத்தார்கள். நான் போய்ச் சண்டை போட்டேன். ஆர்டர் இல்லாமல் கட்டை அவிழ்த்ததற்கு எனக்கும் ஒரு மெமோ கிடைத்தது. பவானி அந்த மாதமே வேலையை விட்டுவிட்டுக் கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டாள். நல்ல பெண். நோயாளிகளிடம் அன்பாகப் பேசுவாள். இந்தத் தொழில் அவளை இழந்தது.

ஆகவே, பிள்ளைகளே, உங்களை யாரும் காப்பாற்றப் போவதில்லை என்று தெரிந்துகொண்டே இந்த வேலையைச் செய்யுங்கள். ஷிஃப்ட் முடிந்து அடுத்தவர் கையில் பொறுப்பைக் கொடுக்கும்போது கண்ணாடி, பல்செட், காதுக் கருவி மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருவர் பொருத்தமில்லாமல் பேசினால், மூளையைச் சந்தேகப்படும் முன்னால் காதைச் சந்தேகப்படுங்கள், மொழியைச் சந்தேகப்படுங்கள், உங்கள் மாஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் ஏதாவது சொன்னால் நின்று கேளுங்கள். 'ஒத்துழைக்கவில்லை' என்று சொல்ல வாய் வந்தால், அதை விழுங்கிவிட்டு, அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லுங்கள். 'கையை உதறினார்.' 'மிஷின் வேண்டும் என்று கேட்டார்.' அப்படிச் சொல்லியிருந்தாலே, கேட்கிற யாராவது ஒருவருக்கு எந்த மிஷின் என்று கேட்கத் தோன்றியிருக்கும்.

கீழ்க்கட்டளையில்தான் என் தங்கை வீடு. சில மாதங்கள் கழித்து அந்தப் பக்கம் போனபோது கமலவேணி அம்மாவைப் பார்க்கப் போனேன். முதியோர் இல்லத்துக்கு அவர் போகவில்லை. சொந்த வீட்டில்தான் இருந்தார். தலைச்சுற்றல் நின்றிருந்தது. அவரே காபி போட்டுக் கொடுத்தார். ஹாலில் உத்தரத்தை ஒட்டி ஒரு கேமரா இருந்தது. மகன் மாட்டிவிட்டுப் போனாராம். சமையலறையிலும் ஒன்று.

நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பெங்களூர்லேர்ந்தே பாத்துக்கறான்" என்றார்.

"நல்லதுதானேம்மா, தனியா இருக்கீங்க."

"நல்லவன்தான். தினமும் ரெண்டு தடவை போன் பண்றான். எப்பவும் இவ்வளவு அன்பா பேசினதில்லை." டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "முன்னாடியெல்லாம் என்கிட்ட எப்படிச் சண்டை போடுவான் தெரியுமா ஜெசிந்தா? பாலிடிக்ஸ், சமையல், அவன் பொண்டாட்டி, எல்லாத்துக்கும் சண்டை. போனை வெச்சுட்டு மறுபடி பண்ணிச் சண்டை போடுவான். இப்ப நான் என்ன சொன்னாலும் சரிம்மா, சரிம்மாங்கறான். வேணும்னே தப்பாக்கூடச் சொல்லிப் பாத்தேன். அதுக்கும் சரிம்மாங்கறான்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். நான் காபியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் துடைத்துக்கொண்டே இருந்தார்.